ஸ்டூலை எடுத்த நாள்

நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கும் மொபைல் கடைக்கு அடுத்த திங்கட்கிழமை புதிய ஏரியா மேனேஜர் வருகிறார். நான் சேர்ந்த பன்னிரண்டு வருஷத்தில் இது நான்காவது தலைமை. இரண்டு நாளாகவே கடையில் யாருக்கும் வேலையில் மனசு ஓடவில்லை. "அக்கா, ஆளைக் குறைப்பாங்களோ?" என்று பில்லிங்கில் இருக்கும் பெண் மூன்று தடவை கேட்டுவிட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

நான் சேர்ந்தபோது முதலாளி எங்கள் ஊர் அண்ணாச்சிதான். கடைக்குள் நுழைந்ததும் சர்வீஸ் கவுண்டர், அதற்கு முன்னால் மூன்று மர ஸ்டூல். "வந்தவங்கள முதல்ல இருக்கச் சொல்லு, அப்புறம் போனைக் கேளு" என்பார். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அதுதான்.

எங்கள் கவுண்டருக்குக் குளச்சல் பக்கத்து மீனவர்களிடமிருந்து நிறைய போன் வரும். "கைதவறி விழுந்துட்டு, சார்ஜ் ஏறல" என்பார்கள். லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தால் சார்ஜிங் பின்னில் பச்சை பூத்திருக்கும். உப்புத் தண்ணீர். சின்ன பிரஷை ஐ.பி.ஏ. என்ற ஆல்கஹாலில் நனைத்து, பின் வளையாமல் மெதுவாகத் தேய்த்தெடுக்க வேண்டும். பதினைந்து நிமிஷமாவது ஆகும். பாதி நேரம் இதற்குப் பில்லே போடமாட்டோம். அந்த அண்ணன்மார் கடலுக்குப் போய்த் திரும்பி, நல்ல மீன்பாடு கிடைத்த வாரத்தில் நேராக இங்கேதான் வந்து புது போன் வாங்குவார்கள்.

பிறகு அண்ணாச்சி ஒரு பெரிய குழுமத்துக்குக் கடையை விற்றார். தலைமை அலுவலகம் வேறு ஊருக்குப் போனது. புதிதாக வந்தவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கேட்டதெல்லாம் கணக்கு: ஒரு பில்லுக்குச் சராசரி எவ்வளவு, பத்து போனுக்குத் திரையில் ஒட்டும் ஸ்கிரீன் கார்டு எத்தனை, எத்தனை இ.எம்.ஐ., எத்தனை இன்சூரன்ஸ். அந்தக் கணக்கில் சர்வீஸ் கவுண்டர் வெறும் செலவாகத்தான் தெரிந்தது. நான்கு பேரில் இரண்டு பேரை அனுப்பிவிட்டார்கள். ஸ்டூல்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பவர்பேங்க் ஸ்டாண்டு வைத்தார்கள்.

கோடிமுனையிலிருந்து ஒரு அம்மா வருவார். மகன் பஹ்ரைனில் மீன்பிடி வேலையில் இருக்கிறான். "மக்களே, அவன் முகம் தெரியமாட்டேங்கு" என்று போனை நீட்டுவார். மெமரி நிறைந்திருக்கும், இல்லையென்றால் ஏதாவது பட்டனைத் தொட்டிருப்பார். ஸ்டூலை எடுத்த மாதம் அவர் வந்தபோது கவுண்டரில் நான் மட்டும்தான். எனக்கு முன்னால் ஆறு பேர். கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார், வெயிலில். நான் கூப்பிடுவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டார். அந்த மாதக் கணக்கில் இது எந்தக் கட்டத்திலும் வராது.

டார்கெட் விஷயமும் அப்படித்தான். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கன்னியாகுமரி பக்கத்துச் சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம். ஜூலையில் குளச்சல் கிளையில் விற்பனை ஏன் விழுந்தது என்று கேட்டு, இரண்டு பையன்களின் இன்சென்டிவைப் பிடித்தார்கள். தீபாவளிக்குக் கூடுதல் ஆள் அனுப்பிவிட்டு டிசம்பரில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா தொடங்கி கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

ஆப்பிள் கடைகளிலும் இதே மாதிரி நடந்திருக்கிறது என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 2001-ல் முதல் கடைகளைத் திறந்ததிலிருந்து ரான் ஜான்சன்தான் அந்தக் கடைப் பிரிவைக் கட்டி எழுப்பியவர். வந்தவரோடு உட்கார்ந்து பேசிப் பழுது பார்க்கும் ஜீனியஸ் பார் அவர் காலத்தில் வந்தது. 2011-ல் அவர் போனார். 2012 ஏப்ரலில் அந்த இடத்துக்கு, பிரிட்டனின் எலெக்ட்ரானிக்ஸ் கடை நிறுவனமான டிக்ஸன்ஸிலிருந்து ஜான் பிரோவெட் வந்தார். கடை ஊழியர்களின் வேலை நேரம் குறைக்கப்பட்டது. அந்த ஆகஸ்டிலேயே, அது தவறு, மாற்றிக்கொள்கிறோம் என்று நிறுவனமே வெளிப்படையாகச் சொன்னது. அக்டோபரில் அவர் வெளியேறுவதாக அறிவித்தார்கள். ஆறே மாதம். தவறு என்று வாய்விட்டுச் சொன்னார்களே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். எங்களிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அப்புறம் ஒன்றரை வருஷம் அந்த நாற்காலி காலியாகவே கிடந்து, 2014-ல் பர்பெரி என்ற துணி, ஃபேஷன் நிறுவனத்திலிருந்து ஏஞ்சலா அரென்ட்ஸ் வந்தார். கடை ஊழியர்களுக்கு நேரடியாகச் சின்னச் சின்ன வீடியோவில் பேசுவாராம். 2019-ல் அவருக்குப் பின் வந்த டெய்ட்ரே ஓ'பிரையன் அங்கேயே முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர், ஊழியர் துறையையும் பார்த்துக்கொண்டிருந்தவர். வெளியிலிருந்து ஆள் தேடாமல், ஊழியர்களை அறிந்த ஒருவரிடம் கடைகளைக் கொடுத்தது எனக்குச் சரியாகவே படுகிறது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைத் தொடர், 2007-ல் சம்பளம் அதிகம் என்று சொல்லி சுமார் 3,400 கடை ஊழியர்களை ஒரே வீச்சில் நீக்கியது. அதிகச் சம்பளம் என்றால் யார்? பழகிய கை, பழகிய முகம். 2009-ல் கடைகள் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். அது ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் கடையிலிருந்து போன அந்த இரண்டு பேரும்தான் குளச்சல்காரர்களின் போனை முகத்தோடு சேர்த்து ஞாபகம் வைத்திருந்தவர்கள்.

திங்கட்கிழமை வருபவரிடம் கொடுக்க அரைப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு தடைக்காலத்தின் தேதிகள், டிசம்பருக்கு எத்தனை ஆள் வேண்டும், கவுண்டரில் இன்னொரு கை. ஸ்டூல்கள் மாடி குடோனில்தான் கிடக்கின்றன, நேற்று ஏறிப் பார்த்தேன். ஒன்றுக்குக் கால் ஆடுகிறது. சனிக்கிழமை மத்தியானம் ஆணி அடித்துவிட வேண்டும்.