நீக்கிய ஹார்மோன் எங்கே போகிறது?

கருத்தடை மாத்திரைகளில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடயால் என்னும் செயற்கை ஹார்மோன், சிறுநீர் வழியாகச் சாக்கடைக்கும், சுத்திகரிப்பு நிலையத்தையும் தாண்டி ஆற்றுக்கும் போய்ச் சேர்கிறது. அளவைக் கேட்டால் நம்புவது கடினம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட 260ஆம் எண் ஏரியில், கேரன் கிட் தலைமையிலான குழு 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில் இந்த ஹார்மோனைக் கலந்தது. செறிவு லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம். அதாவது, 20 கோடி லிட்டர் நீரில் ஒரு கிராமுக்குச் சற்று மேல். அதற்கே ஆண் மீன்களின் உடலில் முட்டையின் மஞ்சள் கருவுக்கான புரதம் உருவாயிற்று. ஃபேட்ஹெட் மின்னோ என்னும் சிறு மீன் இனம் அந்த ஏரியில் ஏறத்தாழ அற்றுப்போயிற்று.

சாதாரணச் சுத்திகரிப்பில் இது ஏன் தப்பிவிடுகிறது? இயற்கையான எஸ்ட்ராடயாலைப் பாக்டீரியாக்கள் பெருமளவு சிதைத்துவிடுகின்றன. ஆனால் மாத்திரையாக விழுங்கும்போது கல்லீரல் உடனே சிதைத்துவிடாதபடி வேதியியலாளர்கள் ஒட்டவைத்த எத்தினைல் தொகுதி என்னும் சிறு அணுக்கூட்டம், பாக்டீரியாக்களுக்கும் தடையாக நிற்கிறது.

இதற்கு ஓசோன் நல்ல விடை. சுவிட்சர்லாந்தின் டூபென்டோர்ஃப் நகரிலுள்ள நோய்குட் நிலையம் 2014 முதல் அதைப் பயன்படுத்துகிறது. ஓசோன் இந்த மூலக்கூறு முழுவதையும் கரியமில வாயுவாக எரித்துவிடுவதில்லை என்பதுதான் எனக்கு வியப்பளித்தது. அது முதலில் தாக்குவது ஃபீனால் வளையத்தை. ஹார்மோன், செல்லில் தன்னை ஏற்றுக்கொள்ளும் புரதமான ஏற்பியில் சாவிபோலப் பொருந்துவதும் அந்த வளையத்தால்தான். சாவியின் பல் நொடிப்பொழுதில் உடைந்துவிட, மிச்சம் நீரிலேயே இருந்தாலும் பூட்டைத் திறக்க அதனால் இயலாது. அந்தத் துண்டுகளில் ஒரு பகுதியை அடுத்துள்ள மணல் வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. எல்லா ஊர்க் கழிவுநீருக்கும் இம்முறை பொருந்தாது. புரோமைடு மிகுந்த நீரில் ஓசோனைச் செலுத்தினால், புற்றுநோய் அச்சம் தரும் புரோமேட் உருவாகும்.

அத்தகைய இடங்களுக்குக் கிளர்வூட்டிய கரி ஏற்றது. கரி எதையும் உடைப்பதில்லை, பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவே. தூளாகக் கலந்த கரி, சுத்திகரிப்பில் மிஞ்சும் சேறான கசடோடு சேரும். சுவிட்சர்லாந்தில் கசடை வயலில் இட அனுமதியில்லாமல் எரித்துவிடுவதால் ஹார்மோனும் அதோடு ஒழிகிறது. கசடை உரமாகக் கொட்டும் நாட்டில் இதே முறையை நான் அவ்வளவு எளிதாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

செலவுக்கும் சுவிட்சர்லாந்தில் வழி கண்டிருக்கிறார்கள். 2016இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், தேர்ந்தெடுத்த நிலையங்கள் இத்தகைய மிகச் சிறு அளவு மாசுகளில் 80 சதவீதத்தை நீக்க வேண்டும் என்கிறது. அதற்காகத் தலைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 9 ஃபிராங்க் வசூலிக்கப்படுகிறது. மேம்படுத்தி முடித்த நிலையங்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது என்பது புத்திசாலித்தனமான ஏற்பாடு.

இதையெல்லாம் படித்த பிறகு, எங்கள் வீட்டு ஆர்.ஓ. கருவியை வேறு கண்ணோடு பார்க்கிறேன். அதன் சவ்வு ஹார்மோன்களைப் பெருமளவு தடுத்துவிடும் என்பது உண்மையே. ஆனால் தடுத்ததை அது அழிப்பதில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் நீளும் மெல்லிய வெள்ளைக் குழாயில், முன்னைவிடச் செறிவாக, மறுபடியும் சாக்கடைக்கே அனுப்பிவைக்கிறது.