டோம்பிவிலி லோக்கலில் ஒரு தொடர்கதைச் சண்டை

ஜூலை 7, திங்கள்

"கதையைக் கதையா மட்டும் பாருங்க" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்கு உடனே பதில் சொல்லத் தோன்றுகிறது. இன்று மும்பை லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், அதைச் சொன்னது நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர். என்னோடு டோம்பிவிலியில் ஏறுகிறவர், ஐம்பதைத் தொடுகிற வயது, தாதர் வரை என் பக்கத்தில்தான். இரண்டு பேரும் போனில் ஒரே தொடர்கதையைப் படிக்கிறோம், எபி (எபிசோடு) வந்த நாளில் தாதர் வரும்வரை அதே பேச்சுதான்.

ஆன்ட்டி ஹீரோ கதை. படிக்கிறவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நாயகன் பெரிய தொழிலதிபர், யார் மீதோ உள்ள வஞ்சத்துக்காக நாயகியைத் தூக்கி வந்து தாலி கட்டுவான், அறைவான், வார்த்தையால் குத்துவான், அப்புறம் அவள் மீது தவறில்லை என்று தெரிந்து உருகுவான். நேற்று வந்த எபியில், அவளை அறைந்த அதே இரவில் அவள் விருப்பத்தைக் கேட்காமலே எல்லாம் நடக்கிறது. எழுதியவர் அதை மழை, மல்லிகை எல்லாம் வைத்துக் காதல் காட்சியாகவே எழுதியிருக்கிறார். கீழே வரிசையாக ஹார்ட்டு.

தானேயில் ஏறி காட்கோபரில் இறங்கி மெட்ரோவில் அந்தேரி போகிற பெண் ஒருத்தி, படிப்பு முடித்து இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவள், அக்காவின் போனை எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, "இது ரேப்பு அக்கா, இதுக்கா இத்தனை ஹார்ட்டு?" என்று கேட்டுவிட்டாள். அக்காவின் முகமே மாறிவிட்டது. "எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு மணி நேரம்தான். வீட்ல ஒருத்தர் பாடம் எடுக்கறார், ஆபீஸ்ல ஒருத்தர் பாடம் எடுக்கறார், இங்கேயும் வந்து நீ எடுக்காதம்மா" என்றார். காட்கோபர் வரும்வரை யாரும் பேசவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

அந்தப் பெண் சொன்னது சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அக்காவின் அந்த ஒரு மணி நேரம் என்ன என்பது அவளுக்குத் தெரிய இன்னும் நாளாகும். விடிவதற்கு முன் எழுந்து நான்கு டிபன் டப்பாவுக்குச் சமைத்து, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைத்து, ஓடி வந்து கூட்டத்தில் தள்ளி ஏறி, மூன்று பேர் உட்கார வேண்டிய பெஞ்சில் நாலாவது சீட்டாகப் பாதி உடம்பைத் தொங்கவிட்டபடி போனைத் திறக்கிறார் பாருங்கள், அந்த நொடியிலிருந்து தாதர் வரை அவரிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது. சாப்பாடு, கணக்கு, சாவி, எதுவும். இதைத் தப்பித்தல் என்று ஏளனமாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் தனக்கென்று ஒரு அறை உள்ளவர்கள். எனக்கு அந்த ஏளனம் பிடிக்கவே பிடிக்காது. அதிலும் கிரிக்கெட் பார்க்கிற நேரத்தை யாரும் தப்பித்தல் என்று சொல்வதில்லை, பெண்கள் படிக்கிற காதல் கதைக்கு மட்டும்தான் அந்தப் பெயர்.

ஜூலை 10, வியாழன்

சண்டை மாமிக்கும் எட்டிவிட்டது. மாமி முலுண்டில் ஏறுகிறவர், மாட்டுங்காவில் வளர்ந்தவர், எழுபது வயதிலும் வாரத்துக்கு ஒருநாள் தாதரில் பூ வாங்கப் போகிறவர். அவர் வீட்டில் இன்னமும் வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்த கட்டுகள் இருக்கின்றனவாம். முழுதும் கேட்டுவிட்டு, "இதுக்கேவா? அக்னிப் பிரவேசம் வந்தப்போ எங்காத்துல பெரியவாளுக்குள்ள பேச்சுவார்த்தையே நின்னுபோச்சு" என்றார்.

1966இல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தன் கதை அது. மழையில் பஸ்ஸுக்கு நிற்கிற கல்லூரிப் பெண்ணை ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்துவிடுகிறான். அவள் வீட்டுக்கு வந்து அழுகிறாள். தாய் முதலில் பதறினாலும், அவள் தலையில் தண்ணீரைக் கொட்டிக் குளிப்பாட்டி, உன் மேல் ஒரு அழுக்கும் இல்லை என்று தேற்றுகிறாள். அவ்வளவுதான் கதை. அதற்குத் தமிழ்நாடே கொந்தளித்தது. எதிர்த்தவர்களின் கோபம் எனக்குத் துளியும் உடன்பாடில்லை, அந்தப் பெண்ணுக்கு நடந்ததைவிடக் கற்பு பற்றித்தான் அவர்களுக்குக் கவலை. ஆனால் ஜெயகாந்தன் 'கதையைக் கதையாப் பாருங்க' என்று ஒதுங்கிப் போகவில்லை. சரி, அந்தத் தாய் மறைக்காமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று ஒரு முழு நாவல் எழுதிக் காட்டினார். சில நேரங்களில் சில மனிதர்கள். 1972இல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. வாசகர்கள் வாயை மூடிக்கொண்டு ரசித்திருந்தால் அந்த நாவலின் நாயகி கங்கா என்றொரு பெண் நமக்குக் கிடைத்திருப்பாளா?

மாமி இதைச் சொன்னபோது அக்கா போனைப் பார்ப்பதுபோல் இருந்தாலும் காது இங்கேதான் இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

மழை. குர்லாவுக்கும் சயனுக்கும் நடுவில் வண்டி நின்றே கிடந்தது. எபி வரவில்லை.

ஜூலை 14, திங்கள்

சனி, ஞாயிறு முழுக்க இதே யோசனை. ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் ஒரு புத்தகம் எழுதினார். ஓர் ஊரில் காதல் நாவல்களை விடாமல் வாசிக்கிற பெண்களோடு உட்கார்ந்து பேசி, ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்டு எழுதியது. அவர்களும் நம் அக்கா சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்: புத்தகத்தைத் திறந்துவிட்டால் அது என் நேரம், வீட்டில் யாரும் கூப்பிடக் கூடாது. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்தப் பெண்கள் கொடுத்ததை எல்லாம் வாங்கிப் படித்தவர்கள் இல்லை. கதையில் என்னென்ன வரவே கூடாது என்று கேட்டதற்கு அவர்கள் சொன்னவற்றில் வன்புணர்வு இருந்தது, உடல் சித்திரவதை இருந்தது, கொடூரமான நாயகன் இருந்தான். ஓய்வுக்காகப் படிக்கிறவளுக்குத்தான் கண்டிப்பு அதிகம். அவளுக்கு வீணாக்க நேரம் கிடையாது.

இன்னொன்று. இந்த வகைக் கதைகளில் தாலி ஏன் எப்போதும் முதலிலேயே கட்டப்படுகிறது? மயக்கத்தில் இருக்கும்போதாவது, மிரட்டியாவது, எப்படியோ கட்டிவிடுகிறான். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். அந்த மஞ்சள் கயிறு இல்லாவிட்டால் அதே காட்சியைப் படிக்கிறவர்கள் சகித்துக்கொள்ள மாட்டார்கள் என்று எழுதுகிறவருக்குத் தெரியும். நம் சட்டமும் இதே இடத்தில்தான் நிற்கிறது. குறிப்பிட்ட வயது நிரம்பிய மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்தினால் அது வன்புணர்வுக் குற்றம் ஆகாது என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும், பதினெட்டு வயது நிரம்பிய மனைவி விஷயத்தில், அந்த விலக்கு இருக்கிறது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டமோ மனைவி மீதான பாலியல் கொடுமையை வன்முறை என்று ஒப்புக்கொள்கிறது.

கன்னத்தில் விழுகிற அறையும் அப்படித்தான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், சொல்லாமல் வெளியே போவது, சமையல் சரியில்லாதது போன்ற ஏழு காரணங்களைச் சொல்லி, இவற்றில் ஏதாவது ஒன்றுக்காகக் கணவன் மனைவியை அடிப்பது நியாயமா என்று கேட்டார்கள். நாடு முழுக்கப் பெண்களிலேயே சுமார் 45 சதவீதம் பேர் நியாயம் என்றார்கள். எங்கள் டப்பாவில் ஒரு பெஞ்சுக்கு நாலு பேர் உட்கார்ந்திருக்கிறோம். அதில் கிட்டத்தட்ட இரண்டு பேர். இந்த வீட்டிலிருந்து தப்பித்துக் கதைக்குள் ஓடி வந்தால் அங்கேயும் அதே கை ஓங்கி நிற்கிறது என்றால், நான் எங்கே தப்பித்தேன்?

ஜூலை 17, வியாழன்

இன்று அக்காவே பேச்சை எடுத்தார். சயன் தாண்டியதும், தணிந்த குரலில். "நான் அந்த அடிக்காகப் படிக்கறேன்னா நினைச்சீங்க? நான் படிக்கறது கடைசிப் பத்து எபிக்காக. அவன் கதறுவான் இல்ல, அவ கால்ல விழுவான் இல்ல, நான் உனக்குச் செஞ்சது இன்ன இன்னதுன்னு ஒவ்வொண்ணா சொல்லி மன்னிப்புக் கேப்பான் இல்ல. அதுக்காக."

இதைக் கேட்டபிறகு எனக்கு ஆபீஸில் வேலையே ஓடவில்லை. பெண்களுக்கு முரட்டு ஆண்களைத்தான் பிடிக்கிறது என்று இந்தக் கதைகளைப் பற்றி நக்கலாக எழுதுகிறவர்கள் எவ்வளவு பெரிய தப்பைச் செய்கிறார்கள். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் ஒருமுறைகூடக் கேட்கப்படாத ஒரு மன்னிப்பை அவர் கதையில் தேடிக்கொண்டிருக்கிறார். அந்த ஆசையில் ஒரு கோணலும் இல்லை. நியாயமான ஆசை.

ஆனால் அந்த ஆசைக்கு இந்தக் கதைகள் என்ன விலை கேட்கின்றன என்பதில்தான் எனக்குக் கோபம். முப்பது எபி பொறுத்துக்கொள், அவன் தானாக மாறுவான், அவனுக்குள் ஒரு குழந்தை இருக்கிறது, சிறுவயதில் அவன் அம்மா விட்டுவிட்டுப் போய்விட்டாள், அதனால்தான் அடிக்கிறான். நாயகி வீட்டை விட்டுப் போனாலும் இரண்டே எபியில் வயிற்றில் பிள்ளையோடு திரும்பி வந்துவிடுவாள். அவள் காத்திருந்ததால்தான் அந்த மன்னிப்பு கிடைத்தது என்று கதை சொல்லிக்கொடுக்கிறது. வெளியே எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள், எந்த எபியும் வருவதில்லை.

இதைக் கொஞ்சம் குறைத்து அக்காவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அப்போ மன்னிப்பும் வேணும், அவ காத்திருக்கவும் கூடாது, அப்படி எழுதச் சொல்லு" என்றார்.

ஜூலை 19, சனி

எழுதியவருக்கு இன்று நேரடியாகவே கமெண்ட் போட்டேன். திட்டவில்லை. அவரும் எங்கோ ஒரு வீட்டில் சமையலை முடித்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு மேல் டைப் செய்கிறவர்தான், ஒவ்வொரு யூடியின் (அப்டேட்டின்) முடிவிலும் அதை எழுதுவார். நான் போட்டது இது:

"ரைட்டர் சிஸ், உங்கள் கதையை விடாமல் படிக்கிறேன், இனியும் படிப்பேன். அந்த இரவுக் காட்சி காதல் இல்லை. அதைக் காதல் என்று நாயகி நம்ப வேண்டாம், தயவுசெய்து. அவன் செய்தது என்னவென்று அவளாவது பெயர் சொல்லிச் சொல்லட்டும். அவன் மாறட்டும், எங்களுக்கும் அது வேண்டும், ஆனால் அவள் அந்த வீட்டில் இருந்துகொண்டே அதற்குக் காத்திருக்க வேண்டாம். அவனுடைய சிறுவயதுக் கதையை அவளிடம் சொல்லி அழ யாரையும் அனுப்ப வேண்டாம்."

அனுப்பும் முன் அக்காவுக்குப் படித்துக் காட்ட போன் செய்தேன். தன் பேரில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "அவ முதல்ல வேலைக்குப் போகட்டும். மன்னிக்கறதா வேண்டாமான்னு சொந்தச் சம்பளம் வாங்கின அப்புறம் முடிவு பண்ணட்டும்." அவர் சொன்னபடியே சேர்த்துவிட்டேன்.

அடுத்த எபி செவ்வாய்க்கிழமை.