முதலில் தாமதத்தை அளந்து பாருங்கள்

தானியங்கி வண்டி வழி தெரியாமல் நின்றுவிட்டால், தொலைவில் இருப்பவர் திரையைப் பார்த்து அதை ஓட்ட வேண்டும். அதற்கான வீடியோ சுருக்கம்தான் என் எம்.இ. ப்ராஜெக்ட். இதே தலைப்பை எடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் மூன்று மாதமும் பிஎஸ்என்ஆரை, அதாவது சுருக்கிய படம் அசலுக்கு எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் மதிப்பை, ஏற்றுவதிலேயே போனது. ரிவ்யூவில் மேடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "படம் தெளிவா இருக்கும்மா. ஆனா இது எவ்வளவு நேரம் பழைய படம்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்றிரவே கேமரா முன்னால் ஸ்டாப்வாட்ச் ஓடும் போனை வைத்து, பக்கத்திலேயே வீடியோ வந்து சேரும் லேப்டாப்பையும் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்தேன். போனில் 12.84, லேப்டாப்பில் 11.02. வித்தியாசம் 1.82 வினாடி. வண்டி மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போனால் வினாடிக்கு 10 மீட்டர். ஓட்டுபவர் பார்ப்பது 18 மீட்டருக்கு முந்தைய சாலையை!

காரணம், வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264 மென்பொருளின் வழக்கமான அமைப்பு. பிட்டுகளைச் சரியாகப் பங்கிட, வரப்போகும் 40 ஃப்ரேம்களைப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றை வெளியே விடும். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் அதிலேயே ஒரு நொடிக்கு மேல் போய்விடும். முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களை வைத்துச் சுருக்கப்படும் பி-ஃப்ரேமும் பின்னால் வரும் ஃப்ரேமுக்காகக் காத்திருக்கும். சினிமாவுக்கு இது நல்லது, இங்கே ஆபத்து. தாமதத்தைக் குறைப்பதற்கென்றே எக்ஸ்264-இல் இருக்கும் 'ஸீரோலேட்டன்சி' டியூன் இரண்டையும் நிறுத்திவிடும்.

அப்புறமும் விட்டுவிட்டு ஒரு திணறல் இருந்தது. வேறு ஃப்ரேம்களைச் சாராமல் முழுப் படமாகவே வரும் ஐ-ஃப்ரேம் மற்றவற்றைவிடப் பல மடங்கு பெரியது. மொபைல் நெட்வொர்க்கின் அப்லிங்கில், அதாவது வண்டியிலிருந்து அனுப்பும் பாதையில், அது வரிசையில் நின்று, பின்னால் வருவதையும் நிறுத்திவிடும். ஐ-ஃப்ரேமுக்குப் பதில் 'இன்ட்ரா ரிஃப்ரெஷ்' என்ற அமைப்பைப் போட்டால் அந்தச் சுமை, படத்தின் செங்குத்துப் பத்தி பத்தியாகப் பல ஃப்ரேம்களில் பிரிந்து போகும். இதைப் படம் வரைந்து விளக்கப் பழகிக்கொள்ளுங்கள். வைவாவில் என்னை அதிக நேரம் நிறுத்தியது இதுதான்.

சுருக்காமலே அனுப்பினால் என்ன என்று கேட்பார்கள். சுருக்காத 1080பி வீடியோ, நிற விவரத்தைக் கால்பங்காகக் குறைக்கும் 4:2:0 முறையில், நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் நொடிக்குச் சுமார் 746 மெகாபிட். இந்தக் கணக்கைப் பேப்பரில் போடத் தெரிந்திருக்க வேண்டும்.

பிஎஸ்என்ஆரை மட்டும் நம்பாதீர்கள். அது முழுப் படத்துக்குமான சராசரி. வானமும் தாரும் அழகாக வந்தாலே மதிப்பு ஏறிவிடும். தூரத்தில் சாலையைக் கடக்கும் குழந்தை சில பிக்சல்தான். அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துத் தனியாக அளந்து, ரிப்போர்ட்டில் தனி அட்டவணையாகப் போடுங்கள்.