கட்டக்கோரையும் என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும்

போன மாசம் அம்மா கால் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் மாத்த வந்த நர்ஸ் அக்கா கவர்ல இருந்து ஒரு வெள்ளை ஷீட்ட உருவி எடுத்தாங்க, பாக்க பஞ்சு மிட்டாய அமுக்கி தட்டையாக்குன மாதிரி இருந்துச்சு, அத புண்ணு அளவுக்கு வெட்டி உள்ள வெச்சு மேல காஸ் துணி கட்டிட்டு போயிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு பிரிச்சா ஷீட்டையே காணோம். அது இருந்த எடத்துல வழவழன்னு ஏதோ ஜெல்லி. அம்மா சீழ் வெச்சிருச்சுன்னு பயந்தே போயிட்டாங்க. சித்திதான் கிட்ட குனிஞ்சு மோந்து பாத்துட்டு (ஆமா, மோந்தே பாத்தாங்க) "சீழா இருந்தா நாறாதாக்கா, இது பாசி கொழகொழப்பு மாதிரில்ல இருக்கு"ன்னாங்க.

எனக்கு சிரிப்பு தாங்கல. ஏன்னா சித்தி சொன்னது அப்படியே சரி. அந்த ஷீட்டோட பேரு கால்சியம் ஆல்ஜினேட், அது பழுப்பு கடல்பாசியில இருந்து எடுக்குற சாமான். சித்தி இருபது வருஷமா பாம்பன் பக்கம் பாசி எடுக்குறவங்க. விரல்ல துணி சுத்திக்கிட்டு, கண்ணுக்கு மாஸ்க் போட்டுக்கிட்டு, நீந்த தோதா கால்ல அலுமினியத் தட்ட கட்டிக்கிட்டு முங்கி முங்கி எடுக்குற வேலை. மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசின்னா அகர் கம்பெனிக்கு போகும். கட்டக்கோரை, பக்கோடா பாசின்னா ஆல்ஜினேட்டுக்கு போகும். அந்த ஷீட்டு எங்க ஊர் பாசியில செஞ்சதுன்னு நான் சொல்ல வரல, டிரெஸ்ஸிங்குக்கெல்லாம் நார்வே மாதிரி குளிர் கடல்ல வளர்ற லாமினேரியா பாசியதான் நெறைய யூஸ் பண்றாங்க, ஆனா உள்ள இருக்குற சரக்கு ஒண்ணுதான்.

புண்ணுல அது என்ன பண்ணுதுன்னா, ஷீட்டுல கால்சியம் இருக்கு, புண்ணுல வடியிற நீர்ல சோடியம் இருக்கு, ரெண்டும் எடம் மாத்திக்குது. கால்சியம் கழண்டுக்கிட்டு சோடியம் உள்ள போனதும் நார் ஊறி ஜெல்லாயிரும். நீரையும் உறிஞ்சுக்கும், புண்ணையும் காய விடாது, கழண்டு வந்த கால்சியம் ரத்தம் உறையவும் கொஞ்சம் உதவும், கடைசியா சலைன் ஊத்தி கழுவுனா சதைய பிச்சுக்காம வந்துரும். ஆனா நீர் வடியிற புண்ணுக்கு மட்டும்தான். நாங்க பண்ணுன கூத்து என்னன்னா, புண்ணு நல்லா காஞ்சு வந்தப்பறமும் மிச்சம் இருக்கே, வீணாப் போகுதேன்னு நானே ஒரு ஷீட்ட வெச்சு கட்டிட்டேன். அது சோறு ஒட்டுன சட்டி மாதிரி ஒட்டிக்கிச்சு. அரை மணி நேரம் சலைன்ல ஊற வெச்சு எடுத்தோம், அம்மா என்னை திட்டுன திட்டு இருக்கே. பி.ஃபார்ம் படிச்ச லட்சணம்.

அதுலயும் எனக்கு இதுல வெக்கப்பட தனிக் காரணம் இருக்கு. என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டே ஆல்ஜினேட்தான். ஃபார்மசி படிச்சவங்களுக்கு தெரியும், ப்ராஜெக்ட்டுக்கு ஒண்ணும் தோணலன்னா ஆல்ஜினேட் பீட்ஸ் போட்டுரலாம், செலவு கம்மி, மெஷின் வேணாம். சோடியம் ஆல்ஜினேட்ட தண்ணியில கரைச்சு, மருந்த கலந்து, ஊசி வழியா சொட்டு சொட்டா கால்சியம் குளோரைடு தண்ணிக்குள்ள விடணும். சொட்டு உள்ள விழுந்த நொடியே உருண்டையா இறுகிரும், வெந்த ஜவ்வரிசி மாதிரி. ஏன்னா ஆல்ஜினேட் சங்கிலிங்க ரெண்டு சேர்ந்தா நடுவுல குழி குழியா இருக்கும், அந்தக் குழியில கால்சியம் போயி உக்காந்துக்கும், முட்டை அட்டையில முட்டை உக்காந்த மாதிரி. அதுக்கு பேரே முட்டை அட்டை மாடல்தான், நான் உவமை சொல்லல.

இதுல மருந்துக்கு என்ன லாபம்னா, இரைப்பை ஆசிட்ல அந்த உருண்டை சுருங்கி இறுகிக்கும், மருந்து அவ்வளவா வெளிய வராது. குடலுக்கு போனதும் அங்க ஆசிட் இல்ல, சோடியம் இருக்கு, அப்ப உருண்டை உப்பி உடைஞ்சு மருந்த விடும். படிக்க சூப்பரா இருக்கும். நான் எடுத்த மருந்து மெட்ஃபார்மின், சுகருக்கு போடுற மாத்திரை, அது தண்ணியில சர்க்கரை மாதிரி கரையும், உருண்டை இறுகுறதுக்குள்ளயே பாதி மருந்து கால்சியம் தண்ணிக்குள்ள ஓடிப்போச்சு. அதுக்கு இறால் ஓட்டுல இருந்து எடுக்குற கைட்டோசான மேல பூசுனேன், ஆல்ஜினேட் நெகட்டிவ் சார்ஜ், கைட்டோசான் பாசிட்டிவ், ரெண்டும் கெட்டியா பிடிச்சுக்கும். கொஞ்சம் தேறுச்சு. இந்த கைட்டோசானத்தான் அமெரிக்க ராணுவம் ஈராக், ஆப்கானிஸ்தான்ல குண்டடி பட்டவங்களுக்கு ரத்தம் நிறுத்துற பேண்டேஜா யூஸ் பண்ணுச்சு. நாம உரிச்சு குப்பையில கொட்டுற ஓடு.

எல்லாம் செட் ஆகி ரிசல்ட் வர ஆரம்பிச்சப்ப ஆல்ஜினேட் பாட்டில் தீந்துபோச்சு. புது பாட்டில் வாங்குனாங்க, அதே பேரு, அதே பவுடர், அதே 2 சதவீதம். பீட்ஸ் எல்லாம் வால் முளைச்ச தவளைக் குஞ்சு மாதிரி வந்துச்சு, தொட்டா நசுங்குது. கைடு மேடம் "என்னம்மா மாத்துன?"ன்னு கேக்குறாங்க, நான் எதையும் மாத்தல மேடம்னு அழாத குறை. ஒரு வாரம் தண்ணிய மாத்தி ஊசிய மாத்தி என்னென்னமோ பண்ணி பாத்தேன்.

அந்த வாரம் ஊருக்கு வந்தப்ப சித்திகிட்ட பொலம்புனேன். அவங்க பாசிய காய வெச்சுக்கிட்டே சொன்னாங்க, "பாசின்னா எல்லாம் ஒண்ணாத்தா? எளசு வேற முத்துனது வேற. பாறையில கெடக்குறது வேற மண்ணுல கெடக்குறது வேற." எங்க மேடம் புக்க தேடி எடுத்து காட்டுனது இதேதான், கொஞ்சம் பெரிய வார்த்தையில. ஆல்ஜினேட்ல ஜி, எம்னு ரெண்டு வகை சர்க்கரை இருக்கு, கால்சியம் உக்கார்ற குழி ஜியிலதான் வரும். ஜி ஜாஸ்தின்னா கெட்டியான ஜெல், எம் ஜாஸ்தின்னா கொழகொழ. அது பாசி இனத்துக்கு இனம் மாறும், வயசுக்கு மாறும், லாமினேரியாவுல தண்டுல எடுத்தா ஜி ஜாஸ்தி, இலையில எடுத்தா கம்மி. அலைக்கு நிக்கணும்ல தண்டு.

அதனாலதான் "இயற்கையானது, அதனால பாதுகாப்பானது"ன்னு ஃபார்வர்ட் வந்தா எனக்கு கடுப்பாகும். 1980லயே லிம், சன்னு ரெண்டு பேரு இன்சுலின் சுரக்குற செல்லுங்கள ஆல்ஜினேட் உருண்டைக்குள்ள வெச்சு சுகர் இருந்த எலிங்களுக்கு போட்டு, ரெண்டு மூணு வாரம் சுகர் கட்டுக்குள்ள இருந்துச்சுன்னு காட்டிட்டாங்க. இன்னும் அது நம்ம மெடிக்கல் ஷாப்புக்கு வரல. பல காரணம் இருக்கு, அதுல ஒண்ணு ஆல்ஜினேட்ல ஒட்டிக்கிட்டு வர்ற அழுக்கு, உடம்பு அத எதிரின்னு நெனச்சு உருண்டைய சுத்தி சதை வளத்து மூச்ச அடைச்சிரும். கடல்ல இருந்து எடுக்குறது ஈஸி, ஒரே மாதிரி எடுக்குறதும் சுத்தம் பண்றதும்தான் வேலையே.

அதே நேரம் வேலைக்கு ஆகுறது சத்தமில்லாம ஆகிக்கிட்டுதான் இருக்கு. அம்மா காலையில போடுற கலங்கலான இன்சுலின், குலுக்காம உள்ளங்கையில உருட்டிட்டு போடச் சொல்வாங்களே, அதுல புரோட்டமின்னு ஒண்ணு இருக்கு, சால்மன் மாதிரி மீனோட விந்துல இருந்து வர்ற புரதம். டென்மார்க்ல ஹாகெடோர்ன்னு ஒருத்தர் 1936ல கண்டுபிடிச்ச வித்தை, புரோட்டமின் இன்சுலினப் பிடிச்சு வெச்சுக்கிட்டு மெதுவா விடும். வெள்ளி செவ்வாய் கவுச்சி தொடாத எங்கம்மாகிட்ட இத நான் இன்னும் சொல்லல, யாரும் போட்டுக் குடுத்துராதீங்க.

நெஞ்செரிச்சலுக்கு குடிக்கிற காவிஸ்கான்லயும் ஆல்ஜினேட்தான், வயித்துக்குள்ள ஜெல்லாகி, அந்த மருந்துலயே இருக்குற சோடா உப்புல வர்ற கேஸ பிடிச்சு வெச்சுக்கிட்டு நுரை மாதிரி மேல மிதந்து ஆசிட்ட ஏற விடாது. பல் டாக்டர் அச்சு எடுக்க வாயில திணிக்கிற மாவும் அதே.

சித்திக்கு இதெல்லாம் சொன்னா நம்பல. அதனால ஆன்லைன்ல கேக் ஐட்டம் விக்கிற கடையில சோடியம் ஆல்ஜினேட்டும் கால்சியம் லாக்டேட்டும் வாங்கி, ஆல்ஜினேட்ட நன்னாரி சர்பத்துல கலந்து, அடுப்படியில வெச்சே சிரிஞ்சுல கால்சியம் லாக்டேட் தண்ணிக்குள்ள சொட்டு விட்டேன். ஒரு கிண்ணம் நெறைய உருண்டை. சித்தி ஒண்ண எடுத்து, பாறை கிழிச்ச தழும்பு இருக்குற ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு அமுக்கி பாத்தாங்க.

"ம், இது நல்லா முத்துன பாசித்தா"ன்னுட்டு வாயில போட்டுக்கிட்டாங்க.