ஒரே டெபியன், மெஷினுக்கு மெஷின் வேற மாதிரி: கடைக்காரர் விட்டுட்டுப் போன ரெண்டு ஃபைலால பட்ட பாடு

ரீஃபர்பிஷ் பண்ண கம்ப்யூட்டர் வாங்கி டெபியன்ங்கிற லினக்ஸ் ஓட்டுறவங்க, எதையும் இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஆப்ட்-கான்ஃபிக் டம்ப்னு ஒரு கமாண்ட் ஓட்டிப் பாத்துருங்க, சாஃப்ட்வேர் இறக்கிப் போடுற ஆப்ட்ங்கிற டூலோட செட்டிங்ஸையெல்லாம் அது காட்டிரும். வயிறு எரிஞ்சுதான் சொல்றேன், இது தெரிஞ்சிருந்தா எங்க பிள்ளைங்களோட ஒரு ஸ்கூல் லீவே வீணாப் போயிருக்காது.

சுங்கை சிப்புட் பக்கம் எங்க தோட்டத்துல கோயில் மண்டபத்துக்குப் பின்னால ஒரு கம்ப்யூட்டர் ரூம் நடத்துறோம். கமிட்டி காசுல டவுன் கடை ஒண்ணுல மெஷின் எடுத்தோம், டெபியன் 12 போட்டே குடுத்தாங்க. டெஸ்க்டாப், வைஃபை, ப்ரவுசர் எல்லாம் ஒழுங்கா வந்துச்சு.

தமிழ் போட உக்காந்தப்பதான் ஆரம்பிச்சது. தமிழ் டெஸ்க்டாப்புக்குன்னு டெபியன்ல ஒரு டாஸ்க் பேக்கேஜ் (தேவையான மத்த பேக்கேஜையெல்லாம் ஒண்ணா இழுத்துட்டு வர்றது) இருக்கு, அதை எல்லா மெஷின்லயும் அதே கமாண்ட் குடுத்துப் போட்டேன். சில மெஷின்ல தமிழ் அழகா வருது, மத்ததுல கட்டம் கட்டமா நிக்குது. எர்ரர் ஒண்ணும் கிடையாது, இன்ஸ்டால் சக்சஸ்னுதான் சொல்லுது. வெர்ஷனைப் பாத்தா அதுவும் ஒண்ணுதான்.

கடைக்குப் போய்க் கேட்டா, அந்தத் தம்பி மெஷினத் திறந்துகூடப் பாக்கல. "எல்லாம் டிஃபால்ட்தான்ணே, நாங்க எதையும் மாத்தல. ஃபாண்ட் டவுன்லோட் பண்ணிப் போட்டுக்குங்க"ன்னாரு. இமேஜ் (மெஷின்ல அப்படியே காப்பி பண்ற ரெடிமேட் டெபியன்) யாரு செஞ்சான்னு கேட்டேன், ஈப்போவுல உள்ள டெக்னீஷியன்னு சொன்னாரு, நம்பர் கேட்டா "நீங்க போய்ப் பசியாறிட்டு வாங்கண்ணே, கேட்டு வைக்கிறேன்". பசியாறிட்டு வந்தா கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கு, ஆள் சர்வீஸுக்குப் போயிட்டாராம். அந்த நம்பர் இன்னிக்கு வரைக்கும் வரல.

வீட்டுக்கு வந்து தமிழ் வர்ற மெஷினையும் வராத மெஷினையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அந்த டம்ப் எடுத்துப் பாத்தேன். தமிழ் வர்றதுல இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ் ட்ரூ, வராததுல ஃபால்ஸ். ஆப்ட்.கான்ஃப்.டி ஃபோல்டர்ல 99ன்னு ஆரம்பிக்கிற ஒரு குட்டி ஃபைல், உள்ள அதை ஃபால்ஸ் ஆக்குற ஒரே ஒரு வரி. அந்த ஃபோல்டர்ல உள்ள ஃபைலையெல்லாம் பேர் வரிசைப்படிதான் ஆப்ட் படிக்கும், கடைசியா படிக்கிறதுதான் நிக்கும், அதனால 99ன்னு பேர் வச்சா மத்த எல்லாத்தையும் அமுக்கிரும்.

ரெக்கமெண்ட்ஸ்ங்கிறது சும்மா அலங்காரம் இல்ல. டிபெண்ட்ஸ் இல்லாம பேக்கேஜ் ஓடவே ஓடாது, ரெக்கமெண்ட்ஸ் வந்து வழக்கமான பயன்பாட்டுக்குக் கூடவே இருக்கணும்னு டெபியன் பாலிசி சொல்றது. 2009ல வந்த லென்னி ரிலீஸ்ல இருந்து ஆப்ட் அதையும் சேத்துதான் இன்ஸ்டால் பண்ணுது. டாஸ்க் பேக்கேஜ்ல பாத்தீங்கன்னா சரக்கு முக்கால்வாசி ரெக்கமெண்ட்ஸ்லதான் இருக்கும், அதை ஆஃப் பண்ணிட்டா வெறும் கூடுதான் வந்து உக்காரும். இமேஜ் சைஸ் குறையட்டும்னு ஆஃப் பண்ணிருக்காங்க, சரி, அதை வாங்குறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

இன்னொரு விஷயம், அந்த ஃபைலை அழிச்சுட்டா மட்டும் விட்டுப்போனதெல்லாம் தானா வந்துராது. ஆப்ட்-கெட் இன்ஸ்டால் கூட ஃபிக்ஸ்-பாலிசிங்கிற ஆப்ஷன் சேத்து ஓட்டணும், அப்பதான் ஏற்கனவே உள்ள பேக்கேஜ்களுக்கு விட்டுப்போன ரெக்கமெண்ட்ஸை இழுத்துட்டு வரும். லிஸ்ட் பெருசா வரும், படிச்சுப் பாத்துட்டு யெஸ் குடுங்க.

இதோட முடிஞ்சதுன்னு நெனச்சா பிரிண்டர். மேல் லயத்துல இருந்து ஒரு அக்கா கவர்மெண்ட் ஃபாரம் பிரிண்ட் எடுக்க வந்தாங்க, மதியத்துக்குள்ள டவுன் கவுண்டர்ல குடுக்கணும். பிரிண்டரை ஓட்டுற கப்ஸ் அப்பதான் இன்ஸ்டால் பண்ணி முடிச்சேன், பிரிண்டர் பச்சை லைட் எரியுது, ஆனா சிஸ்டம்ல பிரிண்டரே தெரியல. "வருதா இல்லையா தம்பி, பஸ் போயிரும்"னு அந்த அக்கா கையில ஐசியை (அடையாள அட்டை) புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. மெஷினை ரீஸ்டார்ட் பண்ணினதும் கடகடன்னு பிரிண்ட் வந்துருச்சு, அவங்களும் ஓடிப்போய் பஸ்ஸைப் புடிச்சிட்டாங்க.

கமிட்டியில "அதான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாயிருதே, விடுப்பா"ன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. இன்ஸ்டால் ஓடினப்போ ஸ்க்ரீன்ல வந்த வரிகளை மேல போய்ப் படிச்சேன், பாலிசி-ஆர்சி.டி 101 ரிட்டர்ன் பண்ணிருச்சு அதனால கப்ஸ் ஸ்டார்ட் ஆகலன்னு அங்கேயே எழுதியிருக்கு. யூஎஸ்ஆர் எஸ்பின் ஃபோல்டர்ல அந்தப் பேர்ல ஒரு ஸ்க்ரிப்ட், அதுவும் இமேஜ் செஞ்சப்போ வச்சு எடுக்காம விட்டது. 101ன்னா அனுமதி இல்லன்னு அர்த்தம். இமேஜ் செய்யும்போது சர்வீஸ் (கப்ஸ் மாதிரி பின்னால ஓடுற ப்ரோக்ராம்) எதுவும் ஓடக்கூடாதுன்னு எல்லாரும் இப்படி வைக்கிறதுதான், வேலை முடிஞ்சதும் எடுத்துரணும். எடுக்காட்டி புது சர்வீஸ் எனேபிள் ஆகும் ஆனா ஸ்டார்ட் ஆகாது, அதான் ரீஸ்டார்ட் பண்ணினா சரியான மாதிரி தெரியுது. இதைவிட மோசம் என்னன்னா செக்யூரிட்டி அப்டேட் வந்தாலும் சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ண விடாது, அப்டேட் ஆயிருச்சுன்னு நாம நிம்மதியா இருப்போம், உள்ள பழைய ப்ராஸஸ்தான் ஓடிக்கிட்டிருக்கும்.

ஃபெடோரான்னு இன்னொரு லினக்ஸ், அதுல கதை வேற, ப்ரீசெட் ஃபைல்ல பேர் இருக்குற சர்வீஸ்தான் தானா எனேபிள் ஆகும், மத்தது சும்மா இருக்கும். டெபியன்ல இன்ஸ்டால் ஆனாலே ஓடும். ரெண்டுல எது வேணும்னாலும் வச்சுக்குங்க, ஆனா ஒரே ரூம்ல மெஷினுக்கு மெஷின் மாறக்கூடாது. பிள்ளைங்க ஒரு மெஷின்ல கத்துக்கிட்டது பக்கத்து மெஷின்ல நடக்கலன்னா தனக்குத்தான் கம்ப்யூட்டர் வரலன்னு நெனச்சுக்குதுங்க, எனக்கு அதுதான் தாங்கல.

இப்ப எங்க எல்லா மெஷினுக்கும் ஈக்விவ்ஸ்ங்கிற டூல் வச்சு சொந்தமா ஒரு சின்ன டெபியன் பேக்கேஜ் (டெப்) செஞ்சிருக்கேன். உள்ள ஒரே ஒரு கான்ஃபிக் ஃபைல்: ரெக்கமெண்ட்ஸ் ட்ரூ, அப்டேட் நேரத்துல பழைய கான்ஃபிக்கை வைக்கவா புதுசைப் போடவான்னு கேட்டு நிக்காம இருக்க, ஆப்ட்டுக்கு அடியில இன்ஸ்டால் வேலையைச் செய்யுற டிபிகேஜிக்கு ஃபோர்ஸ்-கான்ஃப்டெஃப், ஃபோர்ஸ்-கான்ஃபோல்ட் (முன்னெல்லாம் ஆளுக்கு ஒரு பட்டனை அமுக்கிட்டுப் போயிருவாங்க). தமிழ் ஃபாண்டை ரெக்கமெண்ட்ஸை நம்பி விடாம டிபெண்ட்ஸ்லயே பேர் போட்டு எழுதிட்டேன். ஃபைல் பேருக்கு .கான்ஃப் எக்ஸ்டென்ஷன் வைங்க, இல்ல எக்ஸ்டென்ஷனே வேணாம், டிஎக்ஸ்டின்னு சேவ் பண்ணினா ஆப்ட் அதைச் சேத்துக்காது.

டேட்டா செலவாகும்னு ரெக்கமெண்ட்ஸை ஆஃப் பண்ணச் சொன்னாங்க, நான் ஒத்துக்கல. அதுக்குப் பதிலா ஒரு மெஷின்ல ஆப்ட்-கேச்சர்-என்ஜி போட்டு மத்த மெஷினையெல்லாம் அதோட 3142 போர்ட்டுக்குத் திருப்பி விட்டேன், ஒரு தடவை இறங்கின பேக்கேஜ் திரும்ப நெட்டுல இருந்து வராது. ரெப்போ (பேக்கேஜ் இறங்குற சர்வர்) முகவரி ஹெச்டிடிபியில இருக்கணும், ஹெச்டிடிபிஎஸ்னா கேச் ஆகாது.

போன வாரம் அதே கடையில இருந்து இன்னொரு மெஷின் வந்துச்சு. திறந்ததும் பாத்தேன், அந்த 99 ஃபைலும் இருக்கு, 101 ஸ்க்ரிப்ட்டும் இருக்கு. ரெண்டையும் கடைத் தம்பிக்கு போட்டோ எடுத்து அனுப்பிட்டு, அழிச்சுட்டு, நம்ம டெப்பைப் போட்டேன். கப்ஸ் ரீஸ்டார்ட் இல்லாமலே எழுந்துருச்சு.