பந்திங்கிலிருந்து செந்தூலுக்கு வரும் காய்கறிப் பை

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த சில நாட்களில், லாரி கிடைக்காமல் கேமரன் மலை விவசாயிகள் காய்கறியைக் கொட்டும் படங்கள் எல்லார் கைப்பேசியிலும் சுற்றின. அதே வாரம் கோலாலம்பூர் செந்தூலில் இரண்டு கட்டுக் கீரைக்காக நான் கடை வாசலில் வரிசையில் நின்றேன். தோட்டத்துக்கும் என் அடுப்புக்கும் நடுவில் எத்தனை கை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக யோசித்தேன். ஆனாலும் தோட்டக்காரரிடமே நேராக வாங்குவதில் முழுசாக இறங்கியது போன வருடம்தான். இப்போது எங்கள் வீட்டுக் காய்கறியில் பாதிக்கு மேல் சிலாங்கூரின் பந்திங் பக்கம் ஒரே தோட்டத்திலிருந்து வருகிறது. எப்படி என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருப்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில், ‘தோட்டத்திலிருந்து நேரடி’ என்று அட்டை மாட்டியிருந்த ஒரு காலைச் சந்தைக் கடையில்தான் வாங்கினேன். இரண்டு மாதம் நம்பி வாங்கினேன். ஒருநாள் நிதானமாகப் பார்த்தபோதுதான் உறைத்தது. பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு, முட்டைக்கோஸ், வெண்டைக்காய், எல்லாம் அங்கே இருந்தன. வெங்காயம் நமக்குக் கப்பலில் வருவது. 2023 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதும் இங்கே விலை ஏறியது நினைவிருக்கும். முட்டைக்கோஸ் பெரும்பாலும் குளிர்ந்த மலையில் விளைவது, வெண்டைக்காய் வெயில் காயும் தாழ்ந்த நிலத்தில் விளைவது. இத்தனையும் ஒருவர் தோட்டத்தில் எங்கே விளையும்? மொத்தச் சந்தையில் எடுத்து விற்கிறவர் அவர். அது நல்ல தொழில்தான், ராத்திரி கண் விழித்துச் செய்கிற உழைப்பு. அட்டையில் எழுதியிருந்த பொய்தான் எனக்கு வலித்தது.

அதன் பிறகு பாசார் தானிக்குப் போனேன். விளைவித்தவரே நேராக விற்கட்டும் என்று அரசாங்கத்தின் விவசாயச் சந்தை வாரியமான ஃபாமா 1985இல் தொடங்கிய சந்தை அது. நான் தேடியது பொருள் குறைவாக உள்ள மேசையை. ஒரு மேசையில் வெண்டை, பாகல், புடலை, முருங்கைக்கீரை, மரவள்ளிக்கிழங்கு, அவ்வளவுதான். ஐந்தும் ஒரே மண்ணில் வரக்கூடியவை. வெண்டைக்காய் நீளமும் குட்டையுமாகக் கலந்து கிடந்தது. நுனியை ஒடித்தேன், டக்கென்று முறிந்தது.

“அண்ணே, உங்க தோட்டமா?”

“ஆமாம்மா, பந்திங்ல. ஒருநாள் வந்து பாரேன்.”

அடுத்த ஞாயிறே அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். அம்மா கோலசிலாங்கூர் பக்கம் எஸ்டேட்டில் பிறந்தவர். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் பாட்டி போட்ட காய்கறிப் பாத்தியைப் பற்றி இன்றும் பேசுவார். பாகல் பந்தலுக்குள் நுழைந்ததும் அவருக்கு நடை மாறிவிட்டது. தலைக்கு மேல் விரல் நீளப் பிஞ்சுகள், ஒவ்வொன்றுக்கும் பழைய தமிழ்ப் பேப்பரைக் குழலாகச் சுருட்டி, மேலே ஒரு ஸ்டேப்ளர் ஊசி. பழ ஈ பிஞ்சிலேயே துளைத்து முட்டையிடும், பிறகு காய் உள்ளுக்குள் புழுத்துப்போகும். பேப்பர் மூடியிருந்தால் ஈ அண்டாது, பூச்சிமருந்தும் குறையும் என்றார் அண்ணன். ஒரு குழலைப் பிரித்துக் காட்டினார். வெயில் படாததால் காய் வெளிறிய பச்சையில், மேலே ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. காலையில் ஐந்நூறு குழல் சுற்றுவாராம். இதைப் பார்த்த பிறகு பாகற்காய்க்கு விலை பேச எனக்கு மனம் வரவில்லை.

தோட்டத்துக்குப் போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “மருந்து அடிச்சு எத்தனை நாள் கழிச்சு அறுப்பீங்க?” மருந்து புட்டியின் லேபிளிலேயே அந்த நாள் கணக்கு இருக்கும். அண்ணன் கொட்டகையிலிருந்து புட்டியையும், என்றைக்கு எதில் அடித்தார் என்று எழுதி வைத்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து வந்து காட்டினார். மருந்தே அடிப்பதில்லை என்று வாயால் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு நம்பிக்கை வந்திருக்காது. நல்ல விவசாய முறைக்கு விவசாயத் துறை தரும் மைகேப் சான்றிதழ் வைத்திருக்கும் தோட்டங்கள் இப்படிப் பதிவு வைத்தாக வேண்டும். ரசாயனமே வேண்டாம் என்பவர்கள் அதே துறையின் மைஆர்கானிக் சான்று இருக்கிறதா என்று பார்க்கலாம். விலை கூடத்தான் இருக்கும்.

ஒரு வீட்டுக்காக அவர் செந்தூல் வரை வண்டி ஓட்ட முடியாது. எங்கள் அடுக்குமாடியில் ஆறு வீடு சேர்த்தேன். செவ்வாய் இரவு வாட்சாப்பில் பட்டியல் வரும், புதன் மதியத்துக்குள் சொல்லிவிட வேண்டும், வெள்ளி மாலை எங்கள் வீட்டு வாசலில் இறங்கும். பணம் அன்றைக்கே அனுப்பிவிடுவோம், கடன் கிடையாது. என்ன சமைக்கலாம் என்று முடிவு செய்துவிட்டுக் காய் தேடிய பழக்கம் போய், வந்த காயைப் பார்த்துக் குழம்பு வைக்கும் பழக்கம் வர எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

முதல் வாரக் கீரை ஞாயிற்றுக்கிழமையே அழுகிவிட்டது. வந்ததும் கழுவி, ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்ததுதான் காரணம். இப்போது கழுவுவதில்லை. கட்டை அவிழ்த்து, பழுத்த இலையை எடுத்துவிட்டு, பேப்பரில் சுற்றிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கிறேன். சமைக்கும்போதுதான் தண்ணீர். முருங்கைக்கீரை மட்டும் காத்திருக்காது, வெள்ளி இரவே உருவி சொதி வைத்துவிட வேண்டும்.

கம்போங் கோழி, அதாவது நாட்டுக்கோழி, வேறொருவரிடம் சொன்னபோது ஏமாந்தேன். கிலோ விலை நியாயமாகத் தெரிந்தது. உயிர் எடைக்கா, அறுத்துச் சுத்தம் செய்த எடைக்கா என்று நான் கேட்கவில்லை. இரண்டு கிலோவுக்குக் காசு கொடுத்தேன், சட்டியில் விழுந்தது ஒன்றரைக் கிலோகூட இல்லை. கோழி வாங்குகிறவர்கள் முதலில் இதைக் கேளுங்கள்.

நவம்பர், டிசம்பர் மழையில் பை இளைத்துவிடும். சில வாரம் கீரையே வராது. அந்த வாரங்களில் இரண்டு வீட்டார் விட்டுவிடலாமா என்றார்கள். மழையில் அவருக்குச் செலவு குறையவில்லை, வரவுதான் குறைந்தது. கிடைத்ததை வாங்குவோம் என்று கேட்டுக்கொண்டேன். ஆறு வீடும் நின்றது.

இந்தச் செவ்வாய்ப் பட்டியலில் வெண்டைக்காய் இல்லை. பழைய செடியைப் பிடுங்கிவிட்டாராம், புதுசு காய்க்க ஒன்றரை மாதம் ஆகும். அதற்குப் பதில் மரவள்ளிக் கொழுந்து உண்டு என்றிருந்தார். போரில் ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்தில் மரவள்ளி தின்று உயிர் பிழைத்தவர் என் பாட்டி. அம்மா பட்டியலை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “மூணு கட்டு சொல்லு, நல்லா வேக வச்சு நானே தேங்காய்ப்பால் ஊத்தி ஆக்குறேன்” என்றார். சொல்லிவிட்டேன்.