எந்த நூற்றில் இருபது?

பாம்பனில் அம்மா நடத்தும் கருவாட்டு வியாபாரத்துக்குக் கணக்கு நோட்டு எழுதுவது நான். சதவீதத்தில் பெருக்கல் வகுத்தல் பெரிய விஷயமே இல்லை, போனே போட்டுத் தந்துவிடும். எதை நூறாக வைக்கிறோம் என்பதில்தான் ஆள் சறுக்குகிறது.

தடைக்காலத்தையே எடுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாள்தான். கூடிய 16 நாளை 45ஆல் வகுத்தால் 35 சதவீதத்துக்கு மேல் வருகிறது. 365ஆல் வகுத்தால் நாலரைகூட இல்லை. இரண்டும் சரியான கணக்கே. படகுக்காரர் எதைச் சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த நாட்களில் சீலா மீன் விலை ஏறும். கிலோ 600 விற்றது 900 ஆனால் ஏற்றம் 50 சதவீதம். படகு போனபின் மறுபடி 600க்கு வந்தால் இறக்கம் 33 சதவீதம்தான், ஏனென்றால் இப்போது நூறாக நிற்பது 900. "மிச்சம் பதினேழு எங்கே போச்சு?" என்று சித்தப்பா என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.

எங்கள் பிழைப்பு இருப்பது ஈரத்தில். கணக்குச் சுலபத்துக்கு, 100 கிலோ பச்சைச் சூடை மீனில் 80 கிலோ தண்ணீர் என்று வையுங்கள். சதையும் முள்ளும் 20 கிலோ. ஈரம் 20 சதவீதமாகும் வரை காயப்போட்டால் கருவாடு எவ்வளவு தேறும்? 40 கிலோ என்று சட்டென்று சொல்லத் தோன்றும். தேறுவது 25 கிலோ. சதையும் முள்ளும் அதே 20 கிலோதான், ஆனால் இப்போது அது எடையில் 80 சதவீதம். (உப்பை விட்டுவிட்டேன்.) ஆக, பச்சை மீனைக் கிலோ 40க்கு எடுத்தால், கருவாட்டை 160க்குக் கீழே கொடுத்தால் கைநஷ்டம். உப்பு, ஆள்கூலி அதற்கு மேலே.

சரியாகக் காயாமல் 35 சதவீத ஈரத்தோடு தராசில் வைத்தால் அதே மீன் 31 கிலோ அளவில் நிற்கும். ஈரம் பதினைந்துதான் கூடியது, எடையோ 23 சதவீதம் கூடிவிட்டது. வாங்குகிறவர் தண்ணீருக்குக் கருவாட்டு விலை கொடுக்கிறார். அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். மீனை ஒடித்துப் பார்ப்பார், வளைந்தால் திரும்பப் பாயில் போடச் சொல்வார்.

அப்புறம் தண்டல். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, ஆயிரத்தை முன்னாலேயே பிடித்துக்கொண்டு, 9,000 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "பத்து பர்சென்ட்தான்க்கா" என்பார்கள். கைக்கு வந்தது 9,000, அதற்கு வட்டி 1,000 என்றால் முதலிலேயே 11 சதவீதம். அதோடு நிற்கவில்லை. தினமும் அசல் குறைந்துகொண்டே போவதால் சராசரியாக நம்மிடம் இருப்பது அதில் பாதி பணம்தான், அதுவும் மூன்று மாதச் சொச்சத்துக்கு. வருஷக் கணக்காகப் பார்த்தால் 70 சதவீதத்தைத் தாண்டுகிறது.

போட்டுக் காட்டினேன். "தடைக்காலத்துல வேற யாரு வாசலுக்கு வந்து குடுக்குறா?" என்றார் அம்மா. நியாயம்தான், மகளிர் குழுக் கடன் கைக்கு வருவதற்குள் தண்டல் பாதி அடைந்துவிடும். அதனால் இந்த வருஷம் குழுவில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.